கூலி என்னும் சொல்லின் வரலாறு



ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்கள் சென்று குடியேறுவது உலக வழக்கம். வாணிகம் நடக்கும் துறைமுகத்தில் சரக்கோடு சரக்காகச் சொல்லும் கப்பலேறிவிடும். ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற சொற்களும் பல. நம் மீனவர் மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகட்டானி’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு வெள்ளைக்காரர் வீட்டு மேசையில் சூப்பாகப் போய் அமர்ந்தது. இவையெல்லாம் பொருள்களின் பெயர்கள். போன இடத்திலும் பொருள்களின் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

ஆனால் வேறொரு சொல் இருக்கிறது. அது போன இடத்தில் மனிதனுக்குப் பெயராயிற்று. பிறகு ஓர் இனத்துக்கே பெயராயிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறியது. வசைச் சொல்லாகத் தெருவில் இறங்கியது. இந்தியா, சீனா, கியூபா, தென்னாப்பிரிக்கா, சுமத்ரா, மலாயா என்று உலகம் முழுதும் சுற்றியது. நம் பாட்டன் பாட்டியரின் நெற்றியில் ஒட்டப்பட்ட சொல்லும் அதுதான். ‘கூலி’ என்பதே அச்சொல். தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் காதுக்கு ஒரே ஒலிதான். பொருளில்தான் கடலளவு வேறுபாடு. அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதைப் பற்றியே இன்றைய பேச்சு.

முதலில் நம் வீட்டுச் சொல்லை நாம் சரியாக அறிந்துகொள்வோம். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அவ்வளவுதான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. நாட்கூலி, வண்டிக்கூலி, தையற்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று அன்றாடம் பேசுகிறோம். நகைக்கடைக்குப் போனால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது.

வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். தெய்வமே துணை செய்யாமல் போனாலும், உடல் வருந்த உழைத்தவனுக்கு அவன் உழைப்பின் அளவுக்குப் பலன் கிடைத்தே தீரும் என்பது அவர் கருத்து. அந்தப் பலனுக்கு அவர் வைத்த பெயர் கூலி. உழைத்தவனுக்குச் சேர வேண்டிய உரிமை என்னும் பொருள் அங்கே தொனிப்பதைக் காணலாம்.

திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து நிற்கிறார். உதிர்ந்த பிட்டுத்தான் அவருக்குப் பேசிய கூலி. கடவுளே கூலிக்கு மண் சுமந்தார் என்று கதை சொன்ன மக்கள், கூலி என்ற சொல்லை எப்படி இழிவாக நினைத்திருக்க முடியும்?

சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் இச்சொல்லைக் ‘கூலம்’ என்னும் சொல்லோடு இணைத்துக் காட்டுவார். கூலம் என்றால் தானியம். மணிமேகலை பாடிய சாத்தனாரைக் கூலவாணிகன் என்று அழைப்பது அவர் தானிய வணிகர் என்பதால்தான். பணம் பெருவழக்காகாத காலத்தில் உழைத்தவனுக்கு நெல்லையே அளந்து கொடுத்தார்கள். கூலமாகக் கொடுத்தது கூலி ஆயிற்று என்பது அவர் விளக்கம். சம்பளம் என்ற சொல்லையும் சம்பா நெல், அளம் என்னும் உப்பு ஆகிய இரண்டோடும் அவர் தொடர்புபடுத்துவார். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் ‘சாலரி’ என்ற சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

சரி, ஆங்கிலத்தில் உள்ள ‘கூலி’ நம் கூலியிலிருந்து பிறந்ததுதானா? இங்கேதான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. மூன்று ஊற்றுகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது நம் தமிழ்க் கூலி. சோழமண்டலக் கடற்கரையில் போர்த்துக்கீசியரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கிடங்குகள் அமைத்தபோது, மூட்டை சுமக்கவும் பல்லக்குத் தூக்கவும் நாட்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். அங்கே நாள்தோறும் காதில் விழுந்த சொல் கூலி என்பதே.

இரண்டாவது ஊற்று மேற்கு இந்தியாவில் உள்ளது. குஜராத்திலும் கொங்கணக் கடற்கரையிலும் வாழும் கோலி என்னும் மக்கள் மீன் பிடிப்பதும் சுமை தூக்குவதும் தொழிலாகக் கொண்டிருந்தனர். பம்பாயின் பழங்குடிகள் இவர்களே. 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய ஆவணங்களில் இவர்கள் பெயர் காணப்படுகிறது. இக்குடிப் பெயரே பிறகு சுமை தூக்குவோர் அனைவருக்கும் பொதுப் பெயராயிற்று என்பது ஒரு சாரார் கொள்கை.

மூன்றாவது ஊற்று துருக்கி மொழி. அதில் ‘குல்’ என்றால் அடிமை. கோல்கொண்டா அரசைத் தோற்றுவித்த சுல்தான் குலி குதுப் ஷா என்னும் மன்னரின் பெயரிலேயே இச்சொல் இருக்கிறது. இறைவனின் அடியான், பெரியோரின் அடியான் என்னும் பொருளில் அது மரியாதைக்குரிய பெயர். வட இந்தியாவில் இதுவும் வேலையாளைக் குறிக்கும் சொல்லோடு கலந்திருக்கலாம் என்கிறார்கள்.

1886-ஆம் ஆண்டில் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் விந்தையான பெயருடன் ஓர் அகராதி வெளிவந்தது. ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் தொகுத்த நூல் அது. அதைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்னும் இருவர். இவர்களுள் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அந்த அகராதி கோலி மக்களின் பெயரையே மூலமாகக் கொள்ள விரும்புகிறது. ஆயினும் தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்ற சொல் இருப்பதால் வழக்கு சிக்கலாகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. ஓர் ஆற்றில் மூன்று கிளைகள் கலந்துவிட்டால் எந்தத் துளி எந்தக் கிளையினது என்று பிரிக்க முடியுமா? இச்சொல்லின் கதையும் அப்படித்தான். மேற்கே ஒரு குடிப் பெயரும், வடக்கே அடியான் என்னும் சொல்லும், தெற்கே ஊதியம் என்னும் சொல்லும் ஐரோப்பியர் நாவில் ஒன்றாகிவிட்டன.

மூலம் எதுவாயினும், நாம் உற்று நோக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. தமிழில் வேலை செய்பவனைக் கூலி என்று சொல்வதே முறையான வழக்கன்று. கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். கூலி அவன் கையில் வாங்கும் பொருள், ஆள் அவன். ஐரோப்பியர் வாயில் அந்த ‘ஆள்’ உதிர்ந்துவிட்டது. கூலி மட்டும் நின்றது. மனிதனை எடுத்துவிட்டு அவனுடைய விலையை மட்டும் வைத்துக்கொண்டது போலாயிற்று. சொல்லில் நடந்த இந்தச் சிறிய வெட்டு, பிறகு வாழ்க்கையிலும் நடந்தது.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கவலை பிறந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பழைய எசமானரிடம் பழைய நிலையில் உழைக்க விரும்பவில்லை. வேறு ஆள் எங்கே கிடைக்கும்? அவர்கள் பார்வை இந்தியாவின் மீது விழுந்தது.

1834 நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லாஸ்’ என்னும் கப்பல் 36 தொழிலாளர்களுடன் மொரீசியசுத் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. சோட்டா நாக்பூர்ப் பக்கத்து மலைவாழ் மக்களை அக்கால ஏடுகள் ‘மலைக்கூலிகள்’ என்று எழுதின. 1838-இல் ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்னும் இரு கப்பல்கள் ஏறக்குறைய 400 பேரைத் தென்னமெரிக்காவின் பிரித்தானிய கயானாவுக்குக் கொண்டு சென்றன. அவர்களை வரவழைக்க முன்னின்றவர் ஜான் கிளாட்ஸ்டன் என்னும் தோட்ட முதலாளி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை அவர். 1845-இல் டிரினிடாட், 1860-இல் நேட்டால், 1879-இல் பிஜி என்று கப்பல்கள் தொடர்ந்தன. நேட்டாலுக்கு முதலில் சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்றது. மொரீசியசுக்கு மட்டும் ஏறக்குறைய 450,000 பேரும், நேட்டாலுக்கு 152,000 பேரும், பிஜிக்கு 60,000 பேரும் சென்றனர்.

இவர்கள் அடிமைகள் அல்லர்; ஒப்பந்தக் கூலிகள் என்று சட்டம் சொன்னது. பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தம். ஒரு வேலைக்காரன் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள், அல்லது வேலையை விட்டு நீக்குவார்கள். இந்த ஒப்பந்தத்தில் அப்படியன்று. வேலைக்கு வராதது குற்றம். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. மூட்டை சுமந்து, அந்தியில் கூலி வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போன பழைய கூலியாள் இவன் அல்லன். இந்தக் கூலிக்கு அந்தியும் இல்லை, வீடும் இல்லை. சொல் அதுதான்; பொருள் மாறிவிட்டது.

இச்சொல் சீனாவுக்கும் போயிற்று. சீனர்கள் அதன் ஒலியை இரண்டு சீன எழுத்துகளால் குறித்தார்கள். ‘கு லி’ என்று படிக்கப்படும் அவ்விரண்டில் முதலாவதற்குக் கசப்பு அல்லது துன்பம் என்று பொருள். இரண்டாவதற்கு வலிமை என்று பொருள். கசப்பான உழைப்பு! ஒலியும் பொருந்தி, பொருளும் பொருந்திய அந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சிலர் இதன் பிறப்பிடமே சீனம் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது வந்த சொல்; ஆனால் வந்த இடத்தில் தன் உண்மையைத் தானே சொல்லிவிட்ட சொல்.

1847 முதல் 1874 வரை ஏறக்குறைய 125,000 சீனர்கள் எட்டாண்டு ஒப்பந்தத்தில் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரு நாட்டுக்கும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் போயினர். அவர்கள் படும் துயரை அறிய 1874-இல் சீன அரசு ஒரு குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. அக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. ஏமாற்றியும் கடத்தியும் கப்பலேற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது அப்போது உலகுக்குத் தெரிந்தது. மக்காவ் துறைமுகத்திலிருந்து நடந்த ஆள் ஏற்றுமதியும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் 1862 பிப்ரவரி 19-ஆம் நாள், அமெரிக்கக் கப்பல்களில் இந்தக் கூலி வாணிகம் நடைபெறுவதைத் தடுக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அடிமை முறையின் மறுவடிவத்தைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அதே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேலையும் நடந்தது. கலிபோர்னியாவுக்குத் தம் விருப்பப்படி வந்து உழைத்த சீனர்களையும் கூலிகள் என்று பழித்து, அவர்களை உள்ளே விடக்கூடாது என்று கூச்சலிட்டனர். 1882-இல் சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுக்கும் சட்டமே வந்துவிட்டது. அது நீக்கப்பட 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவனைக் காப்பதற்காகச் சட்டத்தில் எழுதிய சொல்லே அவனை விரட்டவும் பயன்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. அங்கே கூலி என்பது தொழிலின் பெயராகக்கூட இல்லை. இந்தியர் என்பதற்கே மறுபெயராயிற்று. 1885-இல் டிரான்சுவால் அரசு இயற்றிய மூன்றாம் எண் சட்டம் கூலிகள் எனப்படுவோர், அரபுகள், மலாய்க்காரர் என்று பட்டியல் போட்டு, இவர்களுக்குக் குடியுரிமை இல்லை, ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் நிலம் வாங்க உரிமையும் இல்லை என்று விதித்தது. ஜொகன்னஸ்பர்க்கில் இந்தியர் வாழ ஒதுக்கிய பகுதிக்குக் கூலிக் குடியிருப்பு என்றே பெயர்.

1893-இல் வழக்கறிஞராக டர்பன் வந்து இறங்கிய காந்தியடிகளைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைத்தனர். வணிகர் கூலி வணிகர். மருத்துவர் கூலி மருத்துவர். எந்தக் கூலியையும் எவரிடமும் வாங்காதவரும் கூலிதான்! தமிழர்களை அழைக்க அவர்களுக்கு வேறொரு சொல்லும் இருந்தது: ‘சாமி’. இராமசாமி, முனுசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏளனமாகக் கூப்பிட்டார்கள். சாமி என்றால் தலைவன் என்று பொருள். என்னைச் சாமி என்கிறீர்கள், நான் உங்கள் எசமானன் அல்லவே என்று சில இந்தியர்கள் திருப்பிக் கொடுத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் சுவையாக எழுதியிருக்கிறார்.

அந்த நூலில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியையும் காண்கிறோம். 1894-இல் எசமானனிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய அவர் காந்தியடிகளிடம் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். வெள்ளைக்காரர் முன் ஒப்பந்தத் தொழிலாளி அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கம். காந்தியடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வழக்குப் பேசுவதற்கு முன்பே, கூலியாக வந்தவரை ஆளாக நிமிர்த்திய செயல் அது. உதிர்ந்துபோன ‘ஆள்’ என்னும் சொல் அங்கே மீண்டும் ஒட்டிக்கொண்டது எனலாம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் ஒல்லாந்தர் புகையிலைத் தோட்டங்களை அமைத்தனர். 1880-இல் அங்கே ‘கூலிச் சட்டம்’ என்னும் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. வேலையை விட்டு ஓடியவருக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை அது முறைப்படுத்தியது. வான் டென் பிராண்ட் என்னும் ஒல்லாந்து வழக்கறிஞரே மனம் பொறாமல், 1902-இல் அத்தோட்டங்களின் கொடுமையை வெளிப்படுத்தி நூல் எழுதினார். இந்தோனேசியாவில் ‘குலி’ என்ற சொல் அன்றாட மொழியில் கலந்துவிட்டது. செய்தியாளர்களைக்கூட அங்கே வேடிக்கையாக ‘மைக்கூலி’ என்று சொல்வதுண்டு.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இச்சொல் இரு திசைகளிலிருந்து வந்து சந்தித்தது. சீனத்திலிருந்து வந்து ஈயச் சுரங்கத்தில் இறங்கியவரும், சிங்கப்பூரில் ரிக்‌ஷா இழுத்தவரும் கூலி. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கு வந்து, புலாவ் ஜெரஜாக்கில் தடுப்பு முகாமில் இருந்து, பிறகு கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டம் சேர்ந்தவரும் கூலி. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பெயர் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த நீண்ட வரிசை வீடுகளை ஆங்கிலத்தில் ‘கூலி லைன்ஸ்’ என்றார்கள். நம்மவர் வாயில் அந்த ‘லைன்ஸ்’ லயம் ஆயிற்று. தமிழில் லயம் என்றால் தாளத்தோடு இயைந்த இசைநடை. இனிய பொருளுடைய சொல்லை அந்த இருண்ட வீடுகளுக்குக் கொடுத்தார்கள் நம் மக்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கங்காணியும் தண்டலும், கணக்கு எழுதிய கிராணியும், குதிரையிலும் பின்பு காரிலும் வந்த துரையும் அந்த உலகின் படிகள். அந்தப் படிகளின் அடியில் நின்றவர்க்குப் பெயர் கூலி.

மலாயாவுக்கு இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவருவது 1910-இல் நிறுத்தப்பட்டது. பிற நாடுகளுக்கு நடந்துவந்த ஒப்பந்தக் குடியேற்றம் 1917-இல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920-இல் முடிவுக்கு வந்தன. பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரை நினைத்துப் பாரதியார் உருகிப் பாடியது அந்தக் காலத்தில்தான். மலாயாவில் கங்காணி வழி ஆள் சேர்ப்பது மேலும் தொடர்ந்து, 1938-இல் இந்திய அரசின் தடையால் முற்றுப்பெற்றது. சட்டங்கள் மாறின. சொல் மாறவில்லை.

அதை மாற்ற முயன்றவர்கள் தொழிலாளர்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தை நம் வரலாற்றில் மறக்க முடியாது. ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை கோரிக்கைகள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ மேலதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. இதைச் சிறியது என்று நினைக்கக் கூடாது. கூலியை உயர்த்திக் கேட்டவர்கள், கூலி என்ற நிலையையும் நீக்கக் கேட்டார்கள் என்பதே அதன் பொருள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வந்து போராட்டத்தை அடக்கியது, உயிர்களும் பலியாயின. ஆயினும் பாலசுந்தரத்தின் தலைப்பாகையும் கிள்ளான் தொழிலாளியின் சைக்கிளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன.

போருக்குப் பின் சங்கங்கள் வளர்ந்தன. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் பெயரிலேயே பாருங்கள், தொழிலாளர் என்ற சொல் வந்துவிட்டது. கூலி போய்த் தொழிலாளி வந்தார், பாட்டாளி வந்தார். பத்திரிகைகளும் மேடைகளும் வானொலியும் இப்புதுச் சொற்களைப் பரப்பின. சொல் மாறினால் சோறு வருமா என்று சிலர் கேட்பதுண்டு. சொல் மட்டும் மாறினால் வராதுதான். ஆனால் தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியவரே, அந்தச் சோற்றை உரிமையோடு கேட்கவும் தொடங்கினார் என்பது நம் கண்முன் உள்ள வரலாறு.

பிற நாடுகளில் இச்சொல்லுக்கு என்ன ஆயிற்று? பிஜிக்குச் சென்றவர்கள் தமக்குத் தாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டனர். ஒப்பந்தத்தைக் குறிக்கும் ‘அக்ரிமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மித்’ ஆயிற்று. அதன்படி வந்தவர் ‘கிர்மித்தியா’ ஆனார். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அப்பெயரைப் பெருமையோடு சொல்கின்றனர். ஜமைக்காவில் நம் இலந்தைப் பழத்துக்குக் ‘கூலிப் பிளம்’ என்று பெயர். இந்தியர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தப் பழம், அவர்களுக்குக் கொடுத்த பெயரை இன்னும் சுமந்து நிற்கிறது.

மொரீசியசுக் கவிஞர் கால் தோராபுல்லி 1992-இல் ‘கூலித்துவம்’ என்று சொல்லத்தக்க ஒரு புதுச் சொல்லைப் பிரெஞ்சு மொழியில் படைத்தார். வசையாக எறிந்த கல்லை எடுத்து, மூதாதையரின் நினைவுக்கு அடிக்கல்லாக நாட்டியது போன்ற முயற்சி அது. அத்தீவில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய அப்பிரவாசி காட் என்னும் இடத்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கயானாவில் பிறந்த கயுத்ரா பகதூர் என்னும் எழுத்தாளர், தம் கொள்ளுப்பாட்டி சென்ற கடல்வழியைத் தேடி ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட நூலுக்குக் ‘கூலிப் பெண்’ என்றே பெயரிட்டார். இந்தியாவிலோ, 2016-ஆம் ஆண்டு ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், நிலையங்களில் சுமை தூக்குவோரை இனிக் கூலி என்னாமல் ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என்று அழைப்பதாக அறிவித்தார்கள். ஒரு நாட்டில் அச்சொல்லைக் கழற்றி வைக்கிறார்கள்; இன்னொரு நாட்டில் எடுத்து அணிந்துகொள்கிறார்கள். இரண்டுமே, தம்மை எப்படி அழைக்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க விரும்பும் மனிதரின் செயல்களே.

நேயர்களே, நம் தோட்டங்களின் நிலையும் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. நம் மக்களில் பெரும்பாலோர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வழக்கறிஞராகவும் திகழ்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் செம்பனைக் குலையை இன்று வெட்டுபவர் யார்? இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் கடன் வாங்கி, முகவருக்குப் பணம் கட்டி, பிள்ளை குட்டிகளை ஊரில் விட்டு வந்தவர்களில் பலர் அங்கே உழைக்கின்றனர். நம் பாட்டனார் வந்த கதைக்கும் அவர்கள் வந்த கதைக்கும் கப்பலுக்குப் பதில் விமானம் என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு உண்டா? கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலும் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று சற்றே காது கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் நாட்டுப் பெயரையே பாதியாக வெட்டி, அதை ஏளனப் பெயராக்கிக் கூப்பிடும் குரல்களைக் கேட்கலாம். அந்தக் குரல்களில் தமிழ்க் குரலும் உண்டு. முனுசாமியின் பெயரை வெட்டிச் சாமி என்று கூப்பிட்ட டர்பன் நகரத்துக் குரல்தான் அது.

மாணவச் செல்வங்களே, கூலி என்ற நம் சொல்லைப் பற்றி நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அது வள்ளுவர் கையாண்ட சொல். உழைத்தவனின் உரிமையைச் சொல்லும் சொல். வெட்கப்பட வேண்டியது, அதிலிருந்து ஆளை வெட்டி எறிந்த செயலுக்காகத்தான். ஆகவே ஒருவருடைய உழைப்பைப் பற்றிப் பேசும்போது கூலியைக் குறையாமல் கொடுக்கச் சொல்லுங்கள். அவரை அழைக்கும்போது அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பெயரால் அழையுங்கள்.

மதுரையில் மண் சுமந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது; அரசி முதுகிலும் விழுந்தது; ஊரார் அனைவர் முதுகிலும் விழுந்தது என்று கதை முடிகிறது. உழைப்பவரை இழிவாகப் பேசும் சொல்லும் அப்படித்தான். அது யார்மீது எறியப்பட்டாலும் எல்லார் மீதும் விழும்.